ரசத்துக்குப் போன கடுகு

தென்றலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அழ வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கழுத்தில் தாலி ஏறும்போது, மாப்பிள்ளை செந்தில்குமாரின் சட்டையில் ஒரு பக்கத்துக் காலர் மறு பக்கத்தைவிட ஒரு விரற்கடை நீளமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் குலுங்கினாள். பெண் அழுகிறாள் என்று நினைத்த மாப்பிள்ளை வீட்டார் பாவம் பாவம் என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

ஆகவே, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி, "இடது பக்கம், மேல, அக்குள் ஓரமா ஒன்னு தெரியுது. சந்தேகமா இருக்கு" என்று சொன்னபோது தென்றலுக்கு என்ன வந்திருக்கும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

"அது கை மூட்டுற எடம் மேடம்," என்றாள். "பத்து ஜாக்கெட்டுல எட்டு அங்கதான் பிரியும்."

டாக்டரம்மாவின் கை தன்னையறியாமல் தன் அக்குளுக்குப் போனது. அங்கே தையல் பிரிந்துதான் இருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த செந்தில்குமார் மட்டும் சிரிக்கவில்லை. அவன் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறவன். பள்ளத்தில் வண்டி பின்னால் நகர்ந்தால்கூடப் பீடியைக் கீழே போடாதவன். அன்றைக்கு அவன் டோக்கன் சீட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பீடி அளவுக்கு ஆக்கியிருந்தான்.

"புத்துநோய்னு நான் சொல்லலம்மா. இல்லன்னும் சொல்ல முடியல," என்றார் டாக்டரம்மா. "ஊசி விட்டு உள்ளேர்ந்து சின்னதா சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். பயாப்ஸின்னு பேரு. அடுத்த வியாழக்கிழமை காலைல வந்துடுங்க."

எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளையும் சொல்வதற்கு முன்னால் தென்றல் யார் என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், செல்போன் ரிப்பேர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் பத்துக்குப் பத்து அடியில் ஒரு கடை. 'தென்றல் லேடீஸ் டெய்லர்'. இருபத்திரண்டு வருடமாக அவள் அங்கே ஜாக்கெட் தைக்கிறாள். ஜாக்கெட் மட்டும்தான். சுடிதார் கொண்டுவந்தால் எதிர்த்த சந்துக்கு அனுப்பிவிடுவாள். வாடிக்கைக்காரிகளின் அளவெல்லாம் நீள நோட்டுகளில் இருக்கும். அந்த நோட்டுகளைக் கடையை விட்டு வெளியே எடுத்ததில்லை, வேறு ஆள் கையில் கொடுத்ததும் இல்லை. யாருக்கு ஒரு பக்கம் இறக்கம், யாருக்கு முதுகில் கூன் விழ ஆரம்பித்திருக்கிறது, யார் முழுகாமல் இருப்பதை மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை என்பதெல்லாம் டேப்புக்குத் தெரிந்துவிடும். டேப்புக்குத் தெரிந்தது தென்றலோடு நின்றுவிடும். வாய் ஓயாமல் பேசுகிறவள்தான், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

ஊர்ப் பெண்கள் எல்லோருடைய மார்பையும் அளந்தவளுக்குத் தன்னுடையதில் இருந்த கட்டி தெரியவில்லை. அதுவும் ஒரு கூத்துதான். ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு மருத்துவ முகாம் நடந்தது. அங்கே வேலையாக இருந்த நர்ஸ் ஒருத்திக்கு இரண்டு ஜாக்கெட் கொடுக்கப் போனாள். நர்ஸ் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு, "அக்கா, கூட்டமில்ல, அப்படியே நீங்களும் பாத்துக்கிட்டுப் போங்க" என்று திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். தள்ளிய தள்ளில் கட்டி தட்டுப்பட்டு, அது பெரம்பலூர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. மார்பை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மிஷின் அமுக்கியபோது, "ஜாக்கெட்ட அயர்ன் பண்றப்போ அதுக்கு எப்புடி இருக்கும்னு இப்பதான் தெரியுது" என்று அங்கிருந்த டெக்னீஷியன் பெண்ணிடம் சொல்லி அவளையும் சிரிக்கவைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செந்தில்குமார் ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தான். கல்யாணமான இத்தனை வருடத்தில் அது முதல் தடவை.

"என்னாங்க, நான் செத்தா போயிட்டேன்? ஜன்னலெல்லாம் தரீங்க?"

"வாய மூடிக்கிட்டு காத்து வாங்கு," என்றான்.

மறுநாளிலிருந்து அவன் ஆளே மாறிப்போனான். காலையில் எழுந்து காபி போட்டான். சமைக்கிறேன் என்று கரண்டியைப் பிடித்தான். சாம்பாரில் பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நின்றன. சாயங்காலம் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தான். எட்டு நாளில் நாலு தடவை பரோட்டா. பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஊரைச் சுற்றினான். ஐஸ்கிரீம் கடையில் இரண்டு பேரும் ஒரே கப்பில் சாப்பிடுவதைப் பார்த்த அவளுடைய வாடிக்கைக்காரி ஒருத்தி, மறுநாள் ஜாக்கெட் வாங்க வந்தபோது அதைப் பற்றிக் கேட்கவே வெட்கப்பட்டாள். தென்றலுக்குத் தலைகால் புரியவில்லை. பயம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே ஒரு கிறுகிறுப்பும் இருந்தது. இருபது வயதில் பார்க்க வேண்டிய செந்தில்குமாரை நாற்பத்தேழு வயதில் பார்க்கிறோமே என்று நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

அது தீபாவளி சீசன். 'புது ஆர்டர் எடுப்பதில்லை' என்று அட்டை மாட்டியும் கூட்டம் குறையவில்லை. வந்தவர்களை அளக்கும்போது சும்மா விடவில்லை அவள். "அக்கா, டேப்ப புடிக்கிறப்போ ஒரு நிமிசம், இங்கன அமுக்கிப் பாத்துக்குங்க. கட்டி கிட்டி இருக்கா?" என்று ஆரம்பித்தாள். கூச்சத்தில் நெளிந்தவர்கள் இருந்தார்கள். கிச்சுகிச்சு மூட்டியதாக நினைத்துக் கத்தியவள் ஒருத்தி. கடைக்குள்ளிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தில் டீக்கடைக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆண்டிமடத்திலிருந்து செந்தில்குமாரின் தங்கை போன் செய்தாள். முந்திரிக் கொல்லைக்காரி. அண்ணி மேல் அவளுக்கு உயிர். அவள் அழுதுகொண்டே சொன்னாள்:

"அண்ணி, ஊசி மட்டும் குத்த வுட்டுடாதீங்க. எங்கூர்ல ஒரு பொம்பள நல்லாத்தான் இருந்துச்சு. ஊசி குத்துனாங்க, ஒடம்பு முழுக்கப் பரவிடுச்சு. கட்டிய சீண்டாம வுட்டா அது பாட்டுக்குக் கெடக்கும் அண்ணி."

"சரி சரி, அழுவாத," என்றாள் தென்றல். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடியே கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அது உடையார்பாளையம் சாந்தாவின் மகள் ஆர்த்தியின் முகூர்த்த ஜாக்கெட். பட்டுச் சேலையோடு வந்த துணி, ஓரத்தில் அகலமான ஜரிகை. போனை வைத்துவிட்டு, வெட்டியதை எடுத்து மேஜையில் பரப்பினாள்.

இரண்டு கையும் இடது கை.

ஜாக்கெட் கைக்கு முன்பக்கம் ஒரு வளைவு, பின்பக்கம் ஒரு வளைவு. துணியை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெட்டினால் இடதும் வலதும் தானாக அமைந்துவிடும். அவள் மடிக்காமல், ஒரே பக்கம் பார்த்து இரண்டு தடவை வெட்டியிருந்தாள். பதினேழு வயதில் தையல் பழகும்போதுகூடச் செய்யாத தப்பு. ஜரிகைத் துணியை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பித் தைக்கவும் முடியாது. மிச்சத் துணி உள்ளங்கை அகலம்கூட இல்லை.

இந்தத் தடவையும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தன் கை தனக்கு அடங்கவில்லை என்பது அவளுக்குப் பெரிய அதிர்ச்சி. குத்தினால் பரவிவிடுமா? தீபாவளி முடியட்டுமே. இத்தனை ஜாக்கெட் கிடக்கிறது. ஆர்த்தி கல்யாணமும் முடியட்டும். அதற்கப்புறம் நிதானமாகப் போய்க் குத்திக்கொள்ளலாம். இப்படி யோசிக்க யோசிக்க உடம்பு லேசானது. வியாழக்கிழமை போகப் போவதில்லை என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்குத் திருமானூர் பாப்பாயி ஞாபகத்துக்கு வந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதத்தில் பாப்பாயி முதல்முறையாகக் கடைக்கு வந்தாள். கொள்ளிடக் கரையில் வயல் வைத்திருக்கும் பெண், தென்றலைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். எல்லோரும் போகும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பிறகு தானே ஷட்டரை இறக்கிவிட்டு, முந்தானையை விலக்கிக் காட்டினாள். இடது பக்கம் ஒன்றும் இல்லை. தையல் போட்ட தழும்பு மட்டும் இருந்தது. "வெளியில தெரியாத மாதிரி தைக்க முடியுமா?" என்று கேட்டாள். தென்றல் இலவம் பஞ்சு வைத்து ஒரு திண்டு செய்து, ஜாக்கெட்டுக்கு உள்ளே பை தைத்துப் பொருத்தினாள். மறு வருடம் பாப்பாயி வந்து, "நாத்து நடக் குனிஞ்சா அது கழுத்துக்கு ஏறிக்குது" என்றாள். கனம் போதவில்லை. தென்றல் பஞ்சுக்கு நடுவில் ஒரு கைப்பிடி கடுகை வைத்துத் தைத்தாள். அப்புறம் அது இருந்த இடத்தில் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டு ஜாக்கெட். நோட்டில் 'பாப்பாயி, இடது தனி' என்று மட்டும் எழுதியிருப்பாள். செந்தில்குமாருக்குக்கூட இது தெரியாது.

திங்கட்கிழமை காலை, தீபாவளி சீசனில் கடையைப் பூட்டிவிட்டுத் தென்றல் திருமானூர் பஸ் ஏறினாள்.

பாப்பாயி வயலில் இருந்தாள். அடுத்த வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. தன் டெய்லர் வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. கரையேறி வந்து, போர்செட் தொட்டி ஓரமாக உட்காரவைத்தாள்.

"ஒனக்கா?" என்றாள்.

"தெரியலக்கா. ஊசி குத்திப் பாக்கணும்ங்கிறாங்க. குத்துனா பரவிடும்ங்கிறாங்க. ஒங்களுக்கு அப்புடித்தான் பரவுச்சா?"

பாப்பாயி காலில் இருந்த சேற்றை வழித்து எறிந்தாள்.

"எனக்கும் அதத்தான் சொன்னாங்க. நானும் நடவு முடியட்டும்னேன். அப்பறம் அறுப்பு முடியட்டும்னேன். பொங்கல் முடியட்டும்னேன். ஒரு வருசம் போயிடுச்சு. ஊசி குத்துனதால எனக்குப் பரவல தென்றலு. குத்தாம வச்சிருந்தேன் பாரு, அதாலதான். மொதல்லயே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருப்போம்னு டாக்டர் சொன்னாரு."

தீபாவளி முடியட்டும் என்று நேற்று தான் போட்ட கணக்கு தென்றலுக்கு நெஞ்சில் குத்தியது. பாப்பாயி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திடீரென்று, "நீ வச்சுத் தச்சியே கடுகு, அது என்னா பண்ணுச்சுன்னு ஒங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள்.

"என்னா பண்ணுச்சு?"

"போன வருசம் ஐப்பசில அடமழ. நாலு நாளும் நடவு. நனைஞ்ச ஜாக்கெட்ட வூட்டுக்குள்ள கொடில போட்டேன், காயவே இல்ல. அஞ்சாம் நாளு எடுத்துப் பாக்குறேன், துணியத் துளைச்சுக்கிட்டுப் பச்சப் பச்சயா எட்டிப் பாக்குது."

தென்றல் வாயைப் பிளந்தாள்.

"மொளச்சிடுச்சுடி! அத்தனையும் மொளச்சிடுச்சு! எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு, களை எடுக்க ஆளு வுடவான்னு கேக்குறாரு!"

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே அவர்களில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். தென்றலுக்கு மூச்சு முட்டி, தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல. வேற தச்சிக் குடுத்திருப்பேன்."

"சொன்னா நீ மனசு சங்கடப்படுவே. நானே பிரிச்சு, கடுக வறுத்துப் போட்டுத் தச்சிக்கிட்டேன். வறுத்தா மொளைக்காது பாரு."

அன்று சாயங்காலமே தென்றல் உடையார்பாளையம் சாந்தாவுக்குப் போன் போட்டு, "அக்கா, ஒங்க பொண்ணுக்கு ரெண்டு எடது கை வெட்டிட்டேன்" என்று உண்மையைச் சொன்னாள். சாந்தா கத்தித் தீர்த்துவிட்டு, மறுநாள் சேலையோடு வந்தாள். தென்றல் அதை வாங்கி, இடுப்புச் சுற்றில் மறைந்துபோகும் உள்முந்தியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வலது கையை வெட்டினாள். வெட்டிய இடது கையைத் திருப்பிப் போட்டு அளவு வைத்து, ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்து வெட்டினாள்.

வியாழக்கிழமை. ஊசி போடும் அறையில் படுத்திருந்தவள் சும்மா இருக்கவில்லை. மரத்துப்போக மருந்து ஏற்றிவிட்டு டாக்டரம்மா பெரிய ஊசியை எடுத்தபோது, "அது எத்தன நம்பர் ஊசி மேடம்?" என்று கேட்டாள்.

"பதினாலு."

"என் மெசின்லயும் பதினாலுதான் ஓட்டுறேன். ஒரு தடவ நகத்துல எறங்கி அந்தப் பக்கம் வந்துடுச்சு. அப்பவும் ஜாக்கெட்ட முடிச்சிட்டுத்தான் எழுந்தேன்."

"அப்ப இது ஒன்னுமே இல்ல. அசையாம படுங்க. டக்குனு சத்தம் கேக்கும்."

சத்தம் கேட்டது. நாலு தடவை. ஒவ்வொரு சத்தத்துக்கும் தென்றல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை. பயந்துதான் போயிருந்தாள். அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. நர்ஸின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது செந்தில்குமார் பக்கத்தில் பாப்பாயி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். யார் நீங்கள் என்று அவன் கேட்டதற்கு, "ஜாக்கெட்டு தைக்கக் குடுத்திருந்தேன், என்னாச்சுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லியிருக்கிறாள். திருமானூரிலிருந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஜாக்கெட் கேட்கிற பெண்மணியை அவன் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாப்பாயி மஞ்சப்பையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்துத் தென்றல் கையில் வைத்தாள். கடுகு.

"வறுத்துட்டேன்," என்றாள் மெதுவாக. "மொளைக்காது. ஒனக்குத் தேவப்பட்டா இருக்கட்டும். தேவப்படலன்னா ரசத்துல போட்டுட்டு எனக்கு ஒரு போன் பண்ணு."

தென்றல் அந்த முடிச்சை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட இடம் வலித்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு டப்பாவில் கொட்டி, அடுப்படி அலமாரியில் மேல்தட்டில் வைத்தாள். தினம் ஒரு தடவை அதைப் பார்த்துக்கொண்டாள்.

தீபாவளி வந்தது, போனது. எல்லா ஜாக்கெட்டும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை ரிசல்ட் வாங்கப் போக வேண்டும். அன்று காலை அவள் குளித்துவிட்டு வரும்போது செந்தில்குமார் அடுப்பு முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"என்னா கடுகு இது, வெடிக்கவே மாட்டேங்குது? அரக் கைப்பிடி போட்டுட்டேன், ஒன்னுகூட வெடிக்கல."

தென்றல் அலமாரியைப் பார்த்தாள். டப்பா கீழே இருந்தது, திறந்திருந்தது.

"அய்யய்யோ! இன்னும் ரிசல்ட்டே வரல, அதுக்குள்ள அதப் போயி தாளிச்சிட்டீங்களா!"

"கடுகுக்கும் ரிசல்ட்டுக்கும் என்னாடி சம்பந்தம்?"

அதை எப்படிச் சொல்வது? அது பாப்பாயியின் ரகசியம். வாயைத் திறக்க முடியாமல் அவள் தவித்த தவிப்பைப் பார்த்து அவன் பயந்தே போனான். அவள் மிச்சக் கடுகை மூடி மேலே வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து அந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டாள். கசந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பெரம்பலூரில் டாக்டரம்மா காகிதத்தைப் படித்துவிட்டு நேராகவே சொன்னார்.

"புத்துநோய் இல்லம்மா. சாதாரணக் கட்டி. ஆறு மாசம் கழிச்சு வந்து ஒரு தடவ பாத்துக்கணும், அவ்வளவுதான்."

தென்றல் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அப்பா செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் இவள் அழுவதைப் பார்த்த செந்தில்குமாருக்கு டாக்டர் சொன்னது காதில் சரியாக விழவில்லையோ என்று சந்தேகம் வந்து, "இல்லன்னுதானே சொன்னீங்க? இல்லன்னுதானே?" என்று மூன்று தடவை கேட்டான். பிறகு அவனும் அழுதான். வெளியில் காத்திருந்தவர்கள் கதவு திறந்தபோது தங்களுக்குள் உச்சுக் கொட்டிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்று, மூக்கைச் சிந்திவிட்டு, தென்றல் பாப்பாயிக்குப் போன் போட்டாள். செந்தில்குமார் எதிர்க்கடைக்கு டீ வாங்கப் போயிருந்தான்.

"அக்கா, கடுகு ரசத்துக்குப் போயிடுச்சு," என்றாள்.

அந்தப் பக்கம் போர்செட் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு பாப்பாயி மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தென்றலுக்குத் தெரியவில்லை.

"எல்லாத்தையுமா போட்டே?" என்றாள் கடைசியில்.

"இல்லக்கா, பாதிதான். மீதி டப்பால பத்திரமா இருக்கு. மார்கழில வாங்க, ஒங்க பொங்கல் ஜாக்கெட்டுக்கு அதத்தான் வைக்கப்போறேன்."